ஆரஞ்சு நிற ஜட்ஜ்

ஸ்டெல்லா வோய்ச்சிக்குக்கு நாற்காலி ஒத்துவராது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்த காலத்திலேயே அப்படித்தான். டெட்ராய்ட்டில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகு இன்னும் மோசம். ஆஸ்பத்திரி அறையில் கிடந்த ஒரே நாற்காலியை உதவியாளன் ருஃபஸ் டில்மனுக்கு விட்டுவிட்டு, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

கட்டிலில் கிடந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நடக்கறதுன்னா என் கண்ணுல படாம நடங்க."

ஸ்டெல்லா சட்டென்று நின்றாள். நோரீன் ஹென்னிங்கின் இரண்டு கால்களும் மாவுக்கட்டுப் போட்டுக் கம்பியில் தூக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"தப்புதான். மன்னிச்சுக்கோம்மா."

"யூஜின் பாலாஸுக்காகத்தானே வந்திருக்கீங்க? அவன் வக்கீலும் வந்தாரு. பூவெல்லாம் கொண்டு வந்தாரு. பூவை வெச்சுக்கிட்டு ஸ்கேட்டிங் போக முடியுமா?"

ஜூலைக் கடைசியில், பொழுது சாய்கிற நேரம், வுட்வர்ட் சாலையில் டோலி டிரைவ்-இன் ஓட்டல் வாசலில் நடந்தது அது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு கார் காராகத் தட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை நோரீனுக்கு. சாலையோரம் நின்ற ஒரு காருக்கு பர்கர் தட்டை எடுத்துப்போனபோது, ரேஸ் விட்டுக்கொண்டு வந்த ஆரஞ்சு நிற கார் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பான்டியாக் ஜி.டி.ஓ. ஜட்ஜ். பக்கவாட்டில் எழுத்தும் பட்டையும் ஒட்டி, பின்னால் இறக்கை வைத்த வண்டி. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தவன் யூஜின் பாலாஸ். கார் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு ஆற்றில் தனியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றான். மீன்கள் சாட்சி சொல்ல வரவில்லை. அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை.

"பூ கொண்டு வரல. ஒரே ஒரு கேள்வி," என்றாள் ஸ்டெல்லா. "முட்டினதுக்கு அப்புறம் என்ன பாத்தே?"

"போலீஸ்ல சொல்லிட்டேனே. ஆரஞ்சு கலரு. ஜட்ஜ்னு எழுத்து."

"அதுக்கு அப்புறம்?"

நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். "வண்டியோட மூக்கு முட்டிச்சு. நான் ஓரமா, நடைபாதைப் பக்கம் விழுந்தேன். வண்டி என்னை உரசிக்கிட்டே போச்சு. கதவுல ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்குமே, அது வழியா ஒரு கை சிகரெட்டைச் சுண்டிச்சு. என் கழுத்துல வந்து விழுந்துச்சு." காலரை விலக்கிக் காட்டினாள். பட்டாணி அளவுக்குத் தழும்பு. "காலு போனதுகூட அப்போ தெரியல. இது சுட்டுச்சு."

"ஆம்பளக் கையா, பொம்பளக் கையா?"

"ஆம்பள. முடி மொசமொசன்னு. அகலமான தோல் பட்டையில வாட்ச்."

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். எழுதிக்கிட்டிருந்தவர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, ரெஸ்ட் எடும்மான்னாரு."

ருஃபஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கார்ப் பந்தய மைதானத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்த ஆள். அவன் பேச்சை நிறுத்துவது அபூர்வம். இப்போது வாயடைத்து நின்றான்.

வராந்தாவுக்கு வந்ததும்தான் மூச்சு விட்டான். "மேடம்! அந்தப் பொண்ணு இப்ப என்ன சொல்லுச்சு தெரியுமா?"

"தெரியாது. கார்ல ஏறிச் சொல்லு. வேகமா நட."

ஸ்டெல்லாவின் ராம்ப்ளர் கார் வுட்வர்டில் இறங்கியது. சனிக்கிழமை மதியம். ஆகஸ்ட் வெயிலில் தார் பளபளத்தது. மூன்று வரிசையிலும் பசங்களின் வண்டிகள். எங்கேயும் போகாமல், எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். சிக்னல் பச்சையாவதற்கு முன்பே பாதி வண்டிகள் உறுமின.

"போன மாசம் நெலாவுக்கே போய் எறங்கிட்டாங்க," என்றான் ருஃபஸ். "நம்ம ராம்ப்ளரு இந்த சிக்னலைத் தாண்ட மாட்டேங்குது."

"விஷயத்துக்கு வா."

"ஆரம்பத்துலேருந்து சொல்றேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, சின்ன வண்டியில பெரிய இன்ஜின் போடக் கூடாதுன்னு கம்பெனி மேலிடத்துல ஒரு கட்டுப்பாடு. பான்டியாக் ஆளுங்க என்ன பண்ணாங்க? இது புது வண்டியே இல்லீங்க, பழைய வண்டிக்குக் கூடுதல் வசதின்னு பேரு போட்டு, பெரிய இன்ஜினை உள்ள எறக்கிட்டாங்க. மேலிடம் முழிச்சுக்கறதுக்குள்ள ஊரே வாங்கிடுச்சு. அதான் ஜி.டி.ஓ. பசங்க செல்லமா ஆடுன்னு கூப்பிடுவாங்க."

"பொறக்கும்போதே பொய் சொல்லிப் பொறந்த வண்டி."

"நல்ல பொய்யி மேடம். போன வருஷம் அதுக்கு முன்பக்கத்துல ரப்பர் மாதிரி ஒரு மூக்கு வெச்சாங்க. இந்த வருஷம் ஆரஞ்சுச் சாயம், பட்டை, இறக்கை எல்லாம் போட்டு ஜட்ஜ்னு பேரு வெச்சாங்க. ஆனா..." ருஃபஸ் விரலைத் தூக்கினான். "இந்த வருஷ வண்டியில அந்த முக்கோணக் கண்ணாடியையே எடுத்துட்டாங்க. கதவுக்கு ஒரே கண்ணாடிதான்."

ஸ்டெல்லா பிரேக்கை அழுத்தினாள். பின்னால் நாலைந்து ஹாரன்கள் கதறின.

"அப்போ ஜட்ஜுக்கு முக்கோணக் கண்ணாடி கெடையாது?"

"கெடையவே கெடையாது."

"கண்ணால பாக்கணும். வா."

ராயல் ஓக் போலீஸ் நிலையத்தின் பின்னால் கம்பிவேலி போட்ட இடத்தில் யூஜினின் வண்டி நின்றது. வாசலில் இலோனா பாலாஸ் காத்திருந்தாள். யூஜினின் தங்கை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அண்ணனைக் காப்பாற்றச் சொல்லி ஸ்டெல்லாவிடம் வந்தவள் அவள்தான். தூங்கி நாளாகியிருந்தது முகத்தில் தெரிந்தது.

காவலர் கேட்டைத் திறந்துவிட்டு ருஃபஸை மேலும் கீழும் பார்த்தார். டெட்ராய்ட் எல்லையைத் தாண்டிவிட்டால் கறுப்பு ஆளுக்கு இந்தப் பார்வை கேட்காமலே கிடைக்கும்.

"மறந்தாப்ல என்னையும் சேத்துப் பூட்டிடாதீங்க சார்," என்றான் ருஃபஸ். "வெளிய கொஞ்சம் வேலை இருக்கு."

ஒரே கண்ணாடி. முக்கோணம் இல்லை. ஸ்டெல்லா கதவில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு முன்னால் போய்க் குனிந்தாள். வண்டியின் நிறத்திலேயே இருந்த மூக்கில், இடது ஓரம் கத்தியால் கீறினதுபோல ஒரு கிழிசல்.

"இதைத்தான் போலீஸ் பெருசாப் பேசுது," என்றாள் இலோனா. "பக்கத்து வீட்டு இரும்பு கேட்டுல அண்ணன் இடிச்சது மேடம் அது. யாரும் நம்பல."

ஸ்டெல்லா மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே போனது. விரலை எடுத்ததும் வெளியே வந்தது. மறுபடி அழுத்தினாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அது அவளுக்குச் சந்தோஷம் வந்தால் நடப்பது.

ருஃபஸ் ஜன்னலில் தலையை விட்டிருந்தான். "சாவித் துவாரம் பாத்தீங்களா? ஸ்டியரிங் தண்டுல. இந்த வருஷம்தான் அங்க கொண்டு வந்தாங்க, திருடனுக்குப் பயந்து. போன வருஷம் வரைக்கும் டாஷ்போர்டுல இருந்துச்சு."

"நீ இதை ஓட்டியிருக்கியா இலோனா?"

"ஞாயித்துக்கெழமையில அண்ணன் தருவான். எனக்குப் பழக்கமான வண்டி இது ஒண்ணுதான் மேடம்."

"அன்னிக்கு உங்க அண்ணன் வண்டி அங்கேருந்து போனதைப் பாத்தேன்னு போலீஸ்ல சாட்சி சொன்னவன் யாரு?"

இலோனா கைப்பையின் வாரை முறுக்கினாள். "வாரன் டைஸ். டோலி டிரைவ்-இன்லதான் எப்பவும் இருப்பான். எனக்குப் பழக்கமில்ல."

"அவன் வண்டி என்ன?"

"அதுவும் ஆரஞ்சுதான். போலீஸ் அன்னிக்கே பாத்துட்டாங்க. ஒரு கீறல்கூட இல்லேன்னு விட்டுட்டாங்க."

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "ருஃபஸ், டிக்கியில பேஸ்பால் மட்டை கெடக்கா?"

"நம்ம ஊர் டீம் டைகர்ஸ் போன வருஷம் கோப்பை ஜெயிச்சப்போ வாங்கினது. அதுக்கப்புறம் அவங்களும் சரியா ஆடல, நானும் ஆடல."

"இன்னைக்கு நான் ஆடறேன். இலோனா, நீயும் ஏறு."

டோலி டிரைவ்-இன்னில் கூட்டம் அலைமோதியது. வெங்காயமும் கடுகும் வறுத்த இறைச்சியும் கலந்த வாசனைக்குள் பெட்ரோல் வாசனை. நடுவில், யாரும் நெருக்காமல் விட்ட இடத்தில் அந்த ஆரஞ்சு வண்டி நின்று உறுமிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைப்பது வாரன் டைஸின் வழக்கம். சத்தத்தைக் கேட்கவே பெண்கள் நாலு பேர் நின்றார்கள். வாரன் முன்பக்கத்தில் சாய்ந்து, சிகரெட்டை ஊதிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் அகலமான தோல் பட்டை.

ருஃபஸ் குனிந்து ஸ்டெல்லாவின் காதில் சொன்னான். "கதவைப் பாருங்க. முக்கோணம். இது போன வருஷ ஆடு மேடம். ஸ்டிக்கரை ஒட்டி, இறக்கையை மாட்டி ஜட்ஜ் வேஷம் போட்டிருக்கான்."

"இங்க இருக்கறவங்களுக்குத் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும். போலீஸுக்குத்தான் தெரியாது. தன் ஹீரோவை எவன் காட்டிக் குடுப்பான்?"

ஸ்டெல்லா மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

"என்ன ஆன்ட்டி, மேட்ச் அடுத்த தெருவுல," என்றான் வாரன். கூட்டம் சிரித்தது.

"என்ன சொல்றே? காது கேக்கல."

"மேட்ச்சு..."

"இந்த சத்தத்துல ஒண்ணும் கேக்கலப்பா. இலோனா, கொஞ்சம் வண்டிய அணை."

இலோனா ஓட்டுநர் பக்கத்து ஜன்னலோரம் நின்றிருந்தாள். கையை உள்ளே விட்டு டாஷ்போர்டில் இருந்த சாவியைத் திருகினாள். கண் முழுக்க வாரன் மேலேயே இருந்தது. உறுமல் நின்றது. திடீர் அமைதியில் யாரோ உறிஞ்சிக்கொண்டிருந்த மில்க்ஷேக் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த மூக்கு அடி தாங்குமாமே?" என்றாள் ஸ்டெல்லா. "கம்பெனிக்காரங்க பெருமையா சொல்றாங்க. நெசமா?"

வாரன் முகம் மலர்ந்தது. இந்த வேடிக்கையை அவன் இங்கே பலமுறை காட்டியிருக்க வேண்டும்; கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிட்டது. "பயப்படாம அடிங்க ஆன்ட்டி. முழு பலத்தோட."

ஸ்டெல்லா அடித்தாள். மட்டை மூக்கில் புதைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பள்ளம் மெதுவாக நிரம்பி, சாயம்கூட விரியாமல் பழையபடி ஆனது. கைதட்டல்.

"பாத்தீங்களா? ஒரு கீறல் இல்ல!"

"இல்லதான். கட்டையால அடிச்சா கீறாது. எலும்பும் கட்டை மாதிரிதானே வாரன்? ஒரு பொண்ணோட கால்ல மோதினாலும் இப்படித்தானே பழைய மாதிரி ஆகும்?"

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"இரும்பு கேட்டுல இடிச்சா கிழியும். கிழிஞ்ச மூக்குக்காரன் ஜெயில்ல இருக்கான். ஒண்ணும் ஆகாத மூக்குக்காரன் இங்க வித்தை காட்டறான். நோரீன் முக்கோணக் கண்ணாடியைப் பாத்திருக்கா. யூஜின் வண்டியில அது கெடையாது. அது வழியா வந்த கையையும், வாட்ச் பட்டையையும் பாத்திருக்கா. உன் சிகரெட்டு அவ கழுத்துல இருக்கு."

வாரன் பின்னால் நகர்ந்தான். அங்கே ருஃபஸ் நின்றான்.

"நான் ஓட்டல!" வாரனின் குரல் உடைந்தது. "சத்தியமா நான் ஓட்டல!"

"தெரியும்," என்றாள் ஸ்டெல்லா.

ருஃபஸ் திரும்பிப் பார்த்தான். "என்ன மேடம்? தெரியுமா?"

"நோரீன் விழுந்தது நடைபாதைப் பக்கம். வண்டியோட வலப்பக்கம். ஸ்டியரிங் இருக்கறது இடப்பக்கம். அப்போ சிகரெட்டைச் சுண்டின கை ஓட்டினவங்க கை இல்ல. பக்கத்துல சும்மா உக்காந்து வந்தவன் கை. தன் உயிரா நெனைக்கிற வண்டிய இவன் யாருகிட்டயோ குடுத்திருக்கான். யாருன்னு ஆஸ்பத்திரியிலேருந்து யோசிச்சுக்கிட்டே வரேன்." ஸ்டெல்லா மட்டையைக் கீழே வைத்தாள். அவள் குரல் தணிந்தது. "இலோனா, அண்ணன் வண்டி ஒண்ணுதான் பழக்கம்னு சொன்னே. அதுல சாவி ஸ்டியரிங் தண்டுல இருக்கு. இப்போ நீ பாக்காமலே டாஷ்போர்டுக்குக் கை கொண்டு போனியேம்மா."

இலோனா தன் கையைப் பார்த்தாள். யாருடையதோ போலப் பார்த்தாள்.

வாரன், "நான் வாயைத் தொறக்கவே இல்ல இலோனா," என்றான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராம்ப்ளரின் பின்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இலோனா பேசினாள்.

"வீட்ல தெரியாம பழகினோம். அன்னிக்கு அவன்தான் என்னை ஓட்டச் சொன்னான். சிக்னல்ல ஒரு நீல மஸ்டாங் வந்து நின்னு உறுமிச்சு. விடாதே, மிதின்னான். மிதிச்சேன் மேடம். அவ எங்கேருந்து வந்தான்னே தெரியல. நிறுத்தறேன்னு கத்தினேன், போ, போன்னான். நான் போனேன். மிதிச்ச கால் என்னோடதுதானே? அதை எடுக்கல, வண்டி போச்சு."

"யூஜின் மேல பழி விழுந்தப்போ?"

"உங்க அண்ணன் வண்டியில அடையாளம் எதுவும் இருக்காது, ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு வாரன் சொன்னான். கேட்டுல இடிச்ச கிழிசல் அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்தே?" ஸ்டெல்லா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "வாரனை மாட்டிவிட்டா போதும்னா?"

"சில நாள் அப்படித்தான் நெனச்சேன். சில நாள், யாராவது கண்டுபிடிச்சுட்டா நானா சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன். ரெண்டுமே கோழைத்தனம்தான்."

ருஃபஸ் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"போலீஸ் ஸ்டேஷன் இடது பக்கம்," என்றாள் ஸ்டெல்லா.

"வலது பக்கம் திருப்புங்க மேடம்," என்றாள் இலோனா. "மொதல்ல நோரீன்கிட்ட."

நோரீன் அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்திருந்தாள். இலோனா கட்டில் காலடியில் நின்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பெயர், வண்டி, மிதித்தது, நிற்காமல் போனது. அழுதால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று பயந்தவளைப்போல, அழாமல் சொன்னாள்.

நோரீன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேஸு யாரோட?"

"நீல மஸ்டாங். யாருன்னு தெரியாது."

"ஜெயிச்சியா?"

ஸ்டெல்லாவுக்கு அந்த அறையை விட்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

"ஜெயிச்சேன்," என்றாள் இலோனா.

நோரீன் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அதையும் போலீஸ்ல சொல்லு. அதை விட்டுட்டுச் சொல்லாதே."

திங்கட்கிழமை யூஜின் பாலாஸ் ராயல் ஓக் போலீஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்தான். பெல்ட்டையும் பர்ஸையும் வாங்கிக்கொண்டு படியிறங்கியவனிடம் ஸ்டெல்லா எல்லாவற்றையும் சொன்னாள். பாதிக்கு மேல் போலீஸே சொல்லியிருந்தது. அவன் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ என்னைப் பாக்க வருவா," என்றான். "கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அப்படி அழுவா. எனக்காக அழறான்னு நெனச்சுட்டேன்."

"உன் வண்டி பின்னால நிக்குது தம்பி," என்றான் ருஃபஸ். "சாவியைக் குடுப்பாங்க. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

யூஜின் எழுந்தான். வண்டி இருந்த பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் படியேறினான்.

"டேய், எங்க போறே? இப்பத்தானே வெளிய விட்டாங்க?"

"தங்கச்சியைப் பாக்க," என்றான் யூஜின். "பாக்க விடற நேரம் முடியறதுக்குள்ள போகணும். அது எப்போன்னு எனக்கு நல்லாத் தெரியும்."